பந்தாட்டக் கோப்பையும் பிழைப்பும்

கலாசாலைகளில் விளையாட்டு விழாக்கள் நடைபெறும் பருவம் இது. வேலூரிலும் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் நமது ஆம்பூரிலும் பந்தலிட்டு, மேசையின்மீது கோப்பைகளை வரிசையாக அடுக்கி, ஊர்ப் பெரியோரை வருவித்து, ஆண்டு முழுவதும் ஆடி வென்ற பிள்ளைகளுக்குப் பரிசளிக்கிறார்கள். நல்ல வழக்கம், வாழ்க. நமக்கும் அத்தகைய அழைப்புகள் வருவதுண்டு. சில தினங்களுக்கு முன் அவ்வாறு ஒரு விழாவுக்குச் சென்றிருந்தோம். கால்பந்தாட்டத்தில் இவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஓர் இளைஞரின் பெயர் வாசிக்கப்பட்டது. கோப்பையை அளித்த கனவான், "இவர் நாளை இந்தியாவுக்காக ஆடப்போகிறார், பாருங்கள்" என்றார். பந்தல் அதிரும்படி கரகோஷம் எழுந்தது. பின்வரிசையில் நின்றிருந்த அவ்விளைஞரின் தகப்பனார், தோல் ஷாப்பில் உழைத்துக் காய்த்துப்போன கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்து வெளியே வருகையில் வாயிலருகே வேறோர் இளைஞர் நம்மை வணங்கினார். "ஐயா, என்னைத் தெரியவில்லையா? ஆறு வருஷத்துக்கு முன்னே இதே கோப்பையை நீங்கள்தான் என் கையில் கொடுத்தீர்கள்" என்றார். இப்பொழுது என்ன செய்கிறீர் என்று கேட்டோம். ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலை என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அன்றைக்கு நீங்களும் இப்படித்தான் சொன்னீர்கள், ஐயா. அந்த வார்த்தையை நம்பி இரண்டு வருஷம் கிளப்பிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அப்பா பார்த்துவைத்த வேலையையும் வேண்டாமென்றேன்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மேடையில் நின்று ஒருவர் எதிர்காலத்தைப் பற்றி வாக்களிக்க நமக்கு என்ன அதிகாரம் இருந்தது? அவ்வாக்குறுதிக்கு என்ன ஆதாரம் இருந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. இதில் முதற் குற்றவாளி நாமே என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு பத்திரம் எதற்குச் சாட்சியோ, அதற்கு மட்டுமே சாட்சி. விற்பனைப் பத்திரம் விற்பனை நடந்ததைக் காட்டும். வாங்கிய நிலத்தில் நாளை நெல் விளையுமா என்பதைக் காட்டாது. கலாசாலை அளிக்கும் கோப்பையும் அப்படிப்பட்டதே. இந்த ஆண்டில், இந்த எதிரிகளை எதிர்த்து, இந்த மைதானத்தில் இப்பிள்ளை நன்றாக ஆடினான் என்பதற்கு அது சாட்சி. அவ்வளவுதான். அதை எதிர்காலத்துக்கு ஜாமீனாக எழுதிக்கொடுப்பது பரிசளிப்போர் செய்யும் பிழை. அதை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்துக் காத்திருப்பது பிள்ளைகள் செய்யும் பிழை. முன்னது பின்னதற்குக் காரணமாகையால் முன்னதே பெரிது.

இது நமது சொந்த ஊகமன்று. கலாசாலைப் பந்தாட்டத்தை உலகத்தில் எல்லோரினும் மேலாகக் கொண்டாடுகிற தேசம் அமெரிக்கா. அங்கே ஆடப்படுவது நம்முடைய கால்பந்தாட்டமன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அதில் ஆண்டுதோறும் கலாசாலை ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் ஒருவருக்கு ஹைஸ்மன் கோப்பை என்னும் பரிசு வழங்கப்படுகிறது. 1935-ஆம் ஆண்டில் முதன்முதலாக அதைப் பெற்றவர் சிகாகோ சர்வகலாசாலை மாணவர் ஜே பெர்வாங்கர். மறு ஆண்டு, தொழில்முறைக் கிளப்புகள் கலாசாலை ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் வழக்கம் தொடங்கியபோது, முதல் தெரிவில் முதற் பெயராக அழைக்கப்பட்டவரும் அவரே. இத்தனை சிறப்புகளுக்கும் உரிய அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. சம்பள விஷயத்தில் கிளப்புடன் உடன்பாடு ஏற்படாமற்போகவே, வியாபாரத்தில் இறங்கி, ரப்பர்ச் சாமான்கள் செய்யும் தொழிலில் முன்னுக்கு வந்தார். அவர் ஆடிய சர்வகலாசாலையோ 1939-ஆம் ஆண்டோடு அவ்வாட்டத்தையே நிறுத்திவிட்டது.

அவர் ஒருவர் கதை மட்டுமா? 1993-ல் அப்பரிசைப் பெற்ற சார்லி வார்டு என்பவரை எந்தத் தொழில்முறைக் கிளப்பும் தெரிந்தெடுக்கவில்லை. அவர் கூடைப்பந்தாட்டத்துக்குப் போய் நியூயார்க் குழுவில் பல ஆண்டுகள் ஆடினார். 2003-ல் பரிசு பெற்ற ஜேஸன் வைட்டையும் எந்தக் கிளப்பும் தெரிந்தெடுக்கவில்லை. மறுபுறம், 2000-ஆம் ஆண்டில் 198 பேரைத் தெரிந்தெடுத்த பிறகு 199-ஆவதாக அழைக்கப்பட்ட டாம் பிரேடி, பின்னாளில் ஏழு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்ற குழுக்களில் ஆடினார். பரிசு பெற்றோரில் பெரும் புகழடைந்தவர் இல்லையா என்றால், உண்டு. 1988-ல் பரிசு பெற்ற பேரி ஸாண்டர்ஸ் தொழில்முறை ஆட்டத்திலும் மங்காப் புகழ் பெற்றார். ஆகவே பரிசு பெற்றவர் தோற்பார் என்பது நம் வாதமன்று. பரிசைக்கொண்டு வெற்றியையும் சொல்ல முடியாது, தோல்வியையும் சொல்ல முடியாது என்பதே நம் வாதம்.

இதிலே கவனிக்கவேண்டிய முக்கிய அம்சம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் அந்த ஆட்டத்துக்குக் கலாசாலையே வாயில். தொழில்முறை ஆட்டக்காரராக விரும்புவோர் அதன் வழியாகத்தான் பெரும்பாலும் போகவேண்டும். அப்படியிருந்தும் கலாசாலையில் ஆடுவோரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறைக் கிளப்பை எட்டுவதில்லை. சிறந்த பரிசைப் பெற்றவரும் வழியில் நின்றுவிடுகிறார். கலாசாலையே வாயிலாக உள்ள இடத்தில் இந்த நிலைமையென்றால், கலாசாலை வாயிலாக இல்லாத நமது கால்பந்தாட்டத்தில் கோப்பையின் வாக்குக்கு எவ்வளவு மதிப்பிருக்கும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

கால்பந்தாட்டத்தின் வழி வேறு. உலகெங்கும் கிளப்புகள் பன்னிரண்டு வயதிலேயே சிறுவர்களை எடுத்துப் பயிற்றுவிக்கின்றன. நமது தேசத்திலும் அந்த வழியே வலுத்து வருகிறது. பாய்ச்சுங் பூட்டியா 1993-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. சுனில் சேத்ரி 2002-ல் மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தபோது வயது 17. நம் கலாசாலைப் பிள்ளை சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை வாங்கும்போது அவனுக்கு வயது 20 அல்லது 21 ஆகிவிடுகிறது. அந்த வயதில் கிளப்புகளின் பயிற்சிச்சாலைகளிலிருந்து வந்தவன் எட்டு ஒன்பது ஆண்டு முறையான பயிற்சியை முடித்திருக்கிறான். நம் பிள்ளையோ மாலையில் இரண்டு மணி நேரம், பி.டி. மாஸ்டர் ஒருவரின் கண்காணிப்பில், கல்லும் புழுதியுமான தரையில் ஆடி வளர்ந்தவன். அவனது திறமை குறைவென்று நாம் சொல்லவில்லை. அதை அளக்கும் அளவுகோல் கலாசாலையிடம் இல்லை என்கிறோம்.

மேலும், கோப்பை யாருக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் கோல் போட்டவனுக்கே போகிறது. எதிர்த்து நின்ற காவல்வரிசை பலமற்றதா, பலமுள்ளதா என்று எவரும் எழுதிவைப்பதில்லை. பந்தில்லாதபோது எங்கே நிற்கவேண்டுமென்று அறிந்து நின்றவன், தொண்ணூறாவது நிமிஷத்திலும் முதல் நிமிஷத்தைப் போலவே ஓடியவன், எதிரியின் பாதையை முன்கூட்டியே அடைத்தவன் ஆகியோர் மேடைக்கு அழைக்கப்படுவதில்லை. கிளப்புகளின் பயிற்சியாளர்கள் தேடுவதோ இத்தகைய குணங்களையே. நாம் ஒன்றை அளந்து பரிசு கொடுக்கிறோம்; அவர்கள் வேறொன்றை அளந்து சம்பளம் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் நமது ஜில்லாவில் கலாசாலைப் பந்தாட்டத்தால் பிழைப்பு உண்டானதே இல்லையா? உண்டு. ஆனால் அதன் வழியைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். நம் கலாசாலைகள் திருவள்ளுவர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவை. கலாசாலைகளுக்குள் நடக்கும் போட்டிகளிலிருந்து சர்வகலாசாலைக் குழு தெரிந்தெடுக்கப்படுகிறது; அக்குழு தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது; அங்கே முன்னணியில் வரும் குழுக்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. சர் அசுதோஷ் முகர்ஜி பெயரால் வழங்கும் கோப்பை அதற்குரியது. இப்படிச் சர்வகலாசாலையின் சார்பில் ஆடியவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. சர்க்கார் உத்தியோகங்களில் விளையாட்டு வீரருக்கென ஒதுக்கப்படும் இடங்களுக்கு நான்கு விதமான படிவங்கள் உண்டு. தேசத்துக்காக ஆடியவருக்கு முதற்படிவம். மாகாணத்துக்காக ஆடியவருக்கு இரண்டாம் படிவம். சர்வகலாசாலைக்காக ஆடியவருக்கு மூன்றாம் படிவம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான்காம் படிவம்.

நமது பக்கத்தில் பந்தாட்டம் சோறு போட்டிருக்கிறதென்றால், அது பெரும்பாலும் இப்படிவங்களின் வழியாகவே. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் பாங்கு, வருமானவரி இலாகா, போலீஸ் ஆகியவை பந்தாட்டக் குழுக்களை வைத்து, ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்தன. இந்தியன் பாங்குக் குழு தேசிய லீக்கிலும் ஆடியது. காலையில் பயிற்சி, பிறகு மேசையருகே உத்தியோகம், ஓய்வு பெற்றபின் பென்ஷன் என்பதே தமிழ்நாட்டில் தலைமுறைகளாகத் தொழில்முறை ஆட்டம் என்பதன் பொருளாக இருந்துவந்தது. இதை எளிதாக நினைப்போர் நினைத்துக்கொள்ளட்டும். ஒரு குடும்பத்தைக் கூலி வாழ்க்கையிலிருந்து மாதச் சம்பள வாழ்க்கைக்கு உயர்த்திய சான்றிதழ், ஆயிரம் வெள்ளிக் கோப்பைகளுக்குச் சமானம் என்பது நமது அபிப்பிராயம்.

வேதனை என்னவெனில், இந்த வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. கலாசாலை தனக்குள் வழங்கும் சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்கு இந்நான்கு படிவங்களில் எதிலும் இடமில்லை. சர்வகலாசாலைக் குழுவில் ஆடிய, எந்தக் கோப்பையும் பெறாத, பெயர் தெரியாத காவலனுக்கு இடமுண்டு. வாயிலில் நம்மை வணங்கிய அந்த இளைஞர் இரண்டாம் ஆண்டில் சர்வகலாசாலைத் தெரிவுக்குப் போகாமல், அதே வாரத்தில் ஊரில் நடந்த பரிசுப் போட்டியில் ஆடினாராம். அங்கே கோப்பையும், குழு முழுவதற்கும் பிரியாணி விருந்தும் கிடைத்தன. மூன்றாம் படிவம் கிடைக்கவில்லை. தெரிவுக்குப் போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. மேடையேறிய நாமும் சொல்லவில்லை.

இனிக் கிளப்புகளின் விஷயம். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, நம் பிள்ளைகளுக்குப் பெரிய வாயில் திறந்துவிட்டதென்று தேசமே மகிழ்ந்தது. மகிழ்ச்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. சென்னையின் எஸ். நந்தகுமாரும், குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜும், செட்டிநாட்டுப் பக்கத்துச் சிவசக்தி நாராயணனும் அந்த லீக்கில் பெயர் பெற்றார்கள். 2022-23 பருவத்தில் வளரும் ஆட்டக்காரருக்கான பரிசு சிவசக்திக்கே கிடைத்தது. ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். 2024-25 பருவத்தில் அந்த லீக்கில் ஆடிய கிளப்புகள் 13. ஒவ்வொன்றிலும் 25 முதல் 30 ஆட்டக்காரர். அவர்களில் வெளிநாட்டார் போக, தேசம் முழுவதற்கும் எஞ்சும் இடங்கள் ஏறக்குறைய முந்நூறு. அவ்விடங்களுக்குக் கலாசாலைப் பிள்ளைகள் மட்டுமல்ல, மிஜோரம், மணிப்பூர், கோவா, கேரளம், வங்காளம் முதலிய மாகாணங்களின் பயிற்சிச்சாலைப் பிள்ளைகளும் போட்டியிடுகிறார்கள்.

இடம் கிடைத்தவர் நிலையும் உறுதியன்று. 2018-19-ல் சென்னை சிட்டி கிளப் ஐ-லீக் பட்டத்தை வென்றது; தமிழ்நாடே கொண்டாடியது. 2021-22 பருவத்தில் அந்த லீக்கின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், இந்தியன் சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர்க் கிளப் முதற்குழு ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது, சென்னையின் எப்.சி. தன் காரியங்களை நிறுத்திவைத்தது. தேசத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களே அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் நின்றார்கள். இந்த வாயிலை நம்பித்தான் நாம் மேடையில் நின்று வாக்களித்தோம்.

"அப்படியானால் கோப்பையே வேண்டாம் என்கிறீர்களா? பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்கிறீர்களே" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நமது விடை இது. ஆட்டத்தின் பெருமை பிழைப்பில் மட்டும் அடங்கியதன்று. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் வீரர்கள், ஒருவர் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலுடன், பூட்ஸ் அணிந்த வெள்ளைப் பட்டாளக் குழுவை வென்றபோது சம்பளத்துக்காக ஆடவில்லை. அவ்வெற்றி ஒரு தேசத்தின் முதுகெலும்பை நிமிர்த்தியது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவின் தலைவராக இருந்த டி. ஆவ் என்னும் நாகா வீரரையும் நினைத்துக்கொள்ளலாம். அவர் கல்கத்தாவில் வைத்தியக் கலாசாலை மாணவராயிருந்துகொண்டே மோகன் பகானுக்கு ஆடினார். சீமைக் கிளப்பு ஒன்று அவரை அழைத்ததென்றும், அவர் மறுத்தாரென்றும் சொல்வார்கள். அவர் படிப்பை முடித்து டாக்டராகி, தம் ஜனங்களிடம் திரும்பிச் சென்று, நாகாலாந்தின் சுகாதார இலாகாவுக்கே டைரக்டராக விளங்கினார். ஆட்டமும் அவரை உயர்த்தியது, படிப்பும் உயர்த்தியது. இரண்டில் ஒன்றுக்காக மற்றதை எறிந்துவிடவில்லை.

ஆகவே கோப்பை வேண்டும். கோப்பையோடு பொய் வேண்டாம். அதற்காக நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, கலாசாலைகள் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு பதிவேடு வைக்கட்டும். எத்தனை ஆட்டம், எத்தனை நிமிஷம், யாரை எதிர்த்து, எந்த இடத்தில் ஆடினார் என்பவை அதில் இருக்கட்டும். ஆட்டங்களைக் கைபேசியில் படம்பிடித்து வைப்பதற்கு இன்று செலவே இல்லை. கிளப்பின் பயிற்சியாளர் ஒருவருக்குக் காட்ட, வெள்ளிக் கோப்பையைவிட அந்தப் படமே உதவும். முதலாண்டிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, சர்வகலாசாலைத் தெரிவு என்றைக்கு, படிவங்கள் எவை, வயது வரம்பு என்ன என்பவற்றைச் சொல்லிவிடவேண்டும். பந்தாட்டத்தில் ஆடுவது ஒன்றே தொழிலன்று என்பதையும் சொல்லவேண்டும். பயிற்சியாளருக்கு டி லைசென்ஸ் முதலாகப் படிப்படியாகப் பரீட்சைகள் உண்டு. நடுவருக்கும் பரீட்சை உண்டு. இருபத்திரண்டு வயதில் கிளப் அழைக்காதவன் முப்பது வயதில் நல்ல பயிற்சியாளனாக விளங்கலாம்.

இரண்டாவது, நம் ஊர் முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். இங்கிலாந்தில் ஜேமி வார்டி என்றொரு ஆட்டக்காரர். பதினாறாம் வயதில் ஒரு கிளப் அவரைப் போதாதென்று அனுப்பிவிட்டது. அவர் தொழிற்சாலையில் நோயாளிகளுக்கான கட்டைப் பட்டைகள் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே, எட்டாம் படியிலிருந்த ஒரு சிறு கிளப்புக்கு ஆடினார். 25-ஆம் வயதில் லெஸ்டர் கிளப் அவரை வாங்கியது; 2016-ல் அவருடைய கோல்களின் பலத்தால் அந்தக் கிளப் இங்கிலாந்தின் சாம்பியனாயிற்று. அவரிடம் கோப்பை இல்லை. ஆனால் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனும் ஒவ்வொரு வாரமும் ஆடுவதற்கு ஒரு லீக் இருந்தது. அதன்மேல் ஏறிச் செல்லப் படிகளும் இருந்தன. ஆம்பூரில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. அந்தப் படிகள்தாம் இல்லை.

முதலாளிகள் குழு வைப்பது புதுமையுமன்று. 1996-97-ல் தேசிய லீக் முதன்முதலாக நடந்தபோது அதை வென்றது கல்கத்தாவுமன்று, கோவாவுமன்று. பஞ்சாபில் பக்வாரா என்னும் ஆலை ஊரின் ஜே.சி.டி. மில் குழு. பூட்டியாவும், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாகத் தொடங்கிய ஐ.எம். விஜயனும் அதில் ஆடினார்கள். துணி ஆலை ஊர் செய்ததைத் தோல் ஊர் ஏன் செய்யக்கூடாது? ஆனால் 2011-ல் அந்த மில் தன் குழுவைக் கலைத்துவிட்டது என்பதையும் மறக்கலாகாது. ஒரு முதலாளியின் மனத்தை மட்டும் நம்பிய குழு, அவர் மனம் மாறினால் மறைந்துபோகும். ஆகவே வேலூர் முதல் வாணியம்பாடி வரையிலுள்ள தோல், ஷூ முதலாளிகள் தனித்தனியே அன்றிச் சங்கமாகக் கூடி, தொழிற்சாலைகளுக்குள் ஒரு லீக் நடத்தட்டும். ஒவ்வொரு கம்பெனியும் சில கலாசாலை ஆட்டக்காரர்களை நிரந்தர வேலையில் சேர்த்து, பயிற்சிக்கு அரை ஷிப்டு விடுதலை கொடுத்து, பி.எப். முதலிய உரிமைகளோடு வைத்துக்கொள்ளட்டும். உலகத்தார் கால்களுக்கெல்லாம் ஜோடு தைத்துக் கொடுக்கிற ஊர், தன் பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு புல்தரை கொடுக்கக்கூடாதா?

மூன்றாவது, பெண்கள். நமது ஷூ கம்பெனிகளின் வாசலில் ஷிப்டு விடும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, வேலை செய்வோரில் பெரும்பாலார் பெண்கள் என்பது தெரியும். ஆண்கள் பிரிவில் தமிழ்நாடு சந்தோஷ் கோப்பையை இதுவரை வென்றதில்லை. 2012-ல் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸ் குழுவிடம் தோற்றது. பெண்களோ 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்களானார்கள். மதுரையின் சேது கிளப் 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அவர்களில் ஒருவரான இந்துமதி கதிரேசன் நம் போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டராக உத்தியோகம் வகித்துக்கொண்டே தேசத்துக்காக ஆடியவர். நம் விழா மேடைகளில் பெண்களுக்கான கால்பந்துக் கோப்பையை எத்தனை முறை பார்த்தோம் என்று எண்ணிப் பார்த்தோம், விரல்கள் மிஞ்சின. வெற்றி எங்கே இருக்கிறதோ அங்கே பரிசில்லை. பரிசு எங்கே இருக்கிறதோ அங்கே வெற்றி இன்னும் வரவில்லை.

நான்காவது, எமது தொழிலைச் சேர்ந்தோருக்கு. கிளப் அழைத்துவிட்டதென்ற ஆனந்தத்தில் பிள்ளைகள் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். ஒப்பந்தம் எத்தனை பருவத்துக்கு, காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, லீக் நின்றுபோனால் சம்பளம் உண்டா, நடுவில் நிற்கும் ஏஜெண்டுக்குப் பங்கு என்ன, இடையில் விலகும் உரிமை யாருக்கு என்னும் ஐந்து கேள்விகளையாவது கேட்டறிந்த பிறகே பேனாவை எடுக்கவேண்டும். லீக் நின்றால் என்ன ஆகும் என்பது வீண் கேள்வியன்று என்பதை 2025-ஆம் ஆண்டு காட்டிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் வக்கீல்கள் இத்தகைய ஒப்பந்தங்களை இனாமாகப் படித்துச் சொல்ல முன்வரவேண்டும். நமது காரியாலயத்துக்கு எந்தப் பிள்ளை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாலும், வரிக்கு வரி படித்துப் பொருள் சொல்ல நாம் சித்தமாயிருக்கிறோம். இதற்கு ஒரு காசும் வேண்டுவதில்லை.

கடைசியாக, மேடையேறும் பெரியோர்களுக்கு. "நாளை இந்தியாவுக்கு ஆடுவாய்" என்ற சொல்லுக்குப் பதிலாக, "இவ்வாண்டு நன்றாக ஆடினாய், சர்வகலாசாலைத் தெரிவு இன்ன தேதியில், பரீட்சையையும் எழுதிவிடு, வருகிற மாதம் என்னை வந்து பார்" என்று சொல்லுவோம். கரகோஷம் சற்றுக் குறையும். பிள்ளைக்கு நன்மை சற்றுக் கூடும். முதற்சொல் மேடையோடு முடிந்துபோவது. இரண்டாவது சொல்லுக்குப் பின்னர் வேலை இருக்கிறது. அதனாலேதான் முதற்சொல்லை நாம் எல்லோரும் விரும்பிச் சொல்லுகிறோம் போலும்.

லாஸ்டிங் பிரிவிலே வேலை செய்யும் அந்த இளைஞரை மறுபடி போய்ப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரத்திலுள்ள ஒரு திடலில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கு அவர் பந்து கற்றுக்கொடுக்கிறார். சம்பளம் இல்லை. கோப்பையை என்ன செய்தீர் என்று கேட்டோம். வீட்டில் அலமாரிமேல் இருக்கிறது, அம்மா வாரந்தோறும் துடைத்து வைக்கிறார் என்றார். டி லைசென்ஸ் பயிற்சிக்குப் போக விருப்பம் உண்டு. ஆனால் அத்தனை நாள் லீவு கேட்டால் கம்பெனியில் கொடுப்பார்களா என்று தெரியவில்லை என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவருக்கு நாம் ஒரு வாக்குக் கொடுத்தோம். அதைக் காப்பாற்றும் சக்தி நமக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த லீவைக் கேட்டு வாங்கித்தரும் சக்தி நமக்கு இருக்கிறது. கம்பெனி முதலாளியைப் பார்ப்பதற்கு இந்த வாரமே புறப்படுகிறோம். கோப்பை கொடுத்துப் பழகிய நண்பர்கள் ஒவ்வொருவரும் தாம் கோப்பை கொடுத்த பிள்ளைகளில் ஒருவரையாவது தேடிப் போய், இப்பொழுது என்ன செய்கிறாய் என்று கேட்கட்டும். வருகிற ஆண்டு விழாவில் என்ன பேசவேண்டுமென்பது அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.